ஏழாவது பெட்டி

ஆகஸ்ட் 10, வெள்ளி

நேற்று பிரதிஷ்டைப் பண்டிகை அசன விருந்தில், ஆயிரம் பேருக்கு மேல் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, நம் ஆலயத்து ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோனது. எரித்தவன் கோயில்பிள்ளை மனாசே. இதை இன்றைக்கே எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஊர் வேறு மாதிரிப் பேசும்.

நடந்தது இவ்வளவுதான். பகல் பன்னிரண்டரை மணி. வெளியூர்ப் பிரசங்கியார் பேசிக்கொண்டிருந்தார். பிரஷர் மாத்திரையை வீட்டில் மறந்துவிட்டேன், எடுக்கப் போனேன். போகும்போது மனாசேயிடம் தெளிவாகச் சொன்னேன். "இந்தச் சத்தக் குமிழ் அஞ்சுல நிக்கி. அஞ்சுலயே நிக்கட்டும். நீ காவலுக்கு நின்னா போதும், கை வைக்காத." மணி அடிப்பது, ஆலயத்தைக் கூட்டுவது, பெஞ்சு துடைப்பது அவன் வேலை. ஆம்ப்ளிஃபயர் அவன் வேலை அல்ல.

தபாலாபீஸ் முக்கில் திரும்பி வரும்போதே கேட்டேன். பேச்சு கிழிந்தது. பழைய வேட்டியை இரண்டு கையால் பிடித்துக் கிழிக்கிற சத்தம். எழுபத்தொரு வயதில் ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. சாம்பார் வாளிச் சத்தம் மட்டும் கேட்டது. குமிழ் எட்டில் நின்றது.

"நம்ம சபை ஐயா மேடையிலருந்து கையக் காட்டுனாவ அண்ணாச்சி, கேக்கலன்னு. அதான் கூட்டுனேன்" என்றான் மனாசே.

அதற்குள் சபைச் செயலாளர் பாக்கியநாதன் வந்துவிட்டார். வாயில் வெற்றிலை. "என்னவே அருமைநாயகம், ஒம்ம மெஷினு பொகையுது?"

ஒம்ம மெஷினு! இருபத்து நான்கு வருடமாக அது பாடியபோதெல்லாம் சபையின் மெஷின். புகைந்தால் மட்டும் என் மெஷின்.

ஆகஸ்ட் 11, சனி

முருங்கையில் கம்பளிப்பூச்சி. நெருப்பு வைத்துச் சுட்டேன். மாவு புளித்துவிட்டது, கொட்டினேன்.

ஊரில் எல்லோருக்கும் ஒரே அறிவு. பெரிய ஆம்ப்ளிஃபயர் வைத்தால் ஸ்பீக்கர் எரியும், சின்னது வைத்தால் பத்திரம். ஐந்து வருடமாகக் கமிட்டியில் கத்துகிறேன், ஐந்நூறு வாட் வாங்குங்கள் என்று. "இருநூத்தம்பதே பெட்டிய அதிர வைக்கி, ஐந்நூறு வாங்கி எரிக்கவா?" என்பார் பாக்கியநாதன். அவர் தலைமையாசிரியராக இருந்தவர். நான் எட்டாம் வகுப்பு. உப்பளத்தில் முப்பத்தொரு வருடம் பம்பு மோட்டார் பார்த்தவன். ஆனால் மோட்டார் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவருக்கு எந்தக் கல்லூரியும் சொல்லவில்லை. கரண்டு கூடி எரிந்த மோட்டாரைவிட, வோல்டேஜ் குறைந்து, இழுக்க முடியாமல் இழுத்து எரிந்த மோட்டார்தான் அதிகம்.

ஆம்ப்ளிஃபயரும் அப்படித்தான். அதன் சக்திக்கு மேல் கத்தச் சொன்னால், அலையின் தலையை வெட்டி மொட்டையாக அனுப்பும். அந்த மொட்டைச் சத்தம் பெட்டிக்குள் இருக்கிற சின்ன ஸ்பீக்கரின் கம்பிச் சுருளைச் சுட்டுவிடும். பெரிய ஆம்ப்ளிஃபயரைப் பாதியில் வைத்து ஓட்டினால் ஒன்றும் ஆகாது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

இன்னொரு கொடுமை, பெட்டிகள். இந்தச் சபையில் யார் இறந்தாலும் பிள்ளைகள் ஆலயத்துக்கு ஏதாவது வாங்கி வைத்துப் பேர் எழுதுவார்கள். ஒரு காலத்தில் மின்விசிறி. விசிறி மாட்ட இடம் இல்லாமல் போனதும் ஸ்பீக்கர் பெட்டி. சபைப் பாதிரியாரான ஐயர் ஜெபம் செய்து பிரதிஷ்டை பண்ணுவார். முகப்பில் மஞ்சள் பெயின்ட்டில் 'இன்னார் நினைவாக'. அதோடு விடுவார்களா? ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டிக்கு நேர் கீழே உட்கார்ந்து காதைத் தீட்டுவார்கள். போன வருடம் தவசிமுத்து பெட்டியில் ஒரு வயர் விட்டுப்போனது. ஆராதனை முடிந்ததும் அவர் மகன் சட்டையை மடித்துக்கொண்டு வந்தான். "எங்க அப்பாவ மட்டும் ஊமையாக்கிட்டீரே, அவருகிட்ட ஒமக்கு என்ன பழைய பகை?"

ஆகவே ஒன்றையும் கழற்ற முடியாது. இருக்கிற ஆம்ப்ளிஃபயரில் எல்லாவற்றையும் இணைத்தாக வேண்டும். பெட்டி ஒவ்வொன்றின் மின்தடையும் எட்டு ஓம். ஆம்ப்ளிஃபயர் நான்கு ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டிரண்டாகக் கோத்து, மூன்று ஜோடியாக்கி இணைத்தேன். ஆறு பெட்டி. ஐந்தேகால் ஓம். கணக்கில் ஒரு குறையும் கிடையாது. எந்த இன்ஜினியர் வந்தாலும் பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

மைக் இல்லாத ஆராதனை. ஐயர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு பேசினார். சின்ன வயது ஐயர். வெறும் தொண்டையால் பேசத் தெரியாது.

ஆராதனைக்குப் பின் கமிட்டி. பாக்கியநாதன் எழுதி வைத்து வாசித்தார். "ஆலயத்திலுள்ள ஏழு ஒலிபெருக்கிப் பெட்டிகளில் ஒன்று முற்றிலும் பழுதானது. ஆம்ப்ளிஃபயர் பழுதானது."

யார் காரணம் என்று ஐயர் கேட்டார். நான் சொன்னேன். கூட்டியவன் மனாசே. தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனேன், தொட்டான். இரண்டு வாக்கியம். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

மனாசே கதவோரம் நின்றான். "ஐயாதான கையக் காட்டுனிய" என்றான். ஐயர் மேஜையைப் பார்த்தார். "நான் காட்டினது உண்மைதான், ஆனா அவ்வளவு கூட்டச் சொல்லல" என்றார்.

தீர்மானம்: மாதக் கடைசியோடு மனாசேயை வேலையிலிருந்து நிறுத்துவது. வளாகத்துப் பின்னறையைக் குடும்பத்தோடு காலி செய்ய வேண்டியது. இருபத்தாறாம் தேதிக் கமிட்டியில் உறுதி செய்வது.

நான் வேலையை விட்டு நிறுத்தச் சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன். நான் கேட்டது ஐந்நூறு வாட். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 13, திங்கள்

காஸ் தீர்ந்தது. பதிவு செய்தேன். யாரோடும் பேசவில்லை.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

பெண்கள் பக்கத்துத் தூணிலிருந்து எரிந்த பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தேன். பலகை அறுத்து நானே செய்த பெட்டி. ஜெபக்கனி நினைவாக. பெயின்ட்டையும் நானேதான் எழுதினேன். 'னி'யில் கொஞ்சம் வழிந்திருக்கிறது.

திறந்தேன். பெரிய ஸ்பீக்கரின் சுருள் கரிக்கட்டை. சின்னதும் போய்விட்டது. வார்னிஷ் எரிந்த வாடை வீடு முழுக்க.

வரும் வழியில் நாலு பேர் நிறுத்தித் துக்கம் விசாரித்தார்கள். "அக்கா பெட்டியா போவணும்? பாவம் நீங்க." என் மனைவி இறந்தபோது வந்ததைவிட இப்போது அதிகம் பேர் வருகிறார்கள். நவம்பரில் கல்லறைத் தோட்டத்தில் எத்தனை பேர் நின்றார்கள் என்று எனக்குத் தெரியும். மழை என்று சொன்னார்கள். தூறல்.

எனக்கு யாருடைய பாவமும் வேண்டாம்.

ஆகஸ்ட் 15, புதன்

கொடியேற்றம் மைக் இல்லாமல். பாக்கியநாதன் பேசியது முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. முன்வரிசைக்கு என் அனுதாபங்கள்.

ஆகஸ்ட் 16, வியாழன்

காலையில் மனாசே மனைவி ரூபி வந்தாள். கையில் தூக்குச்சட்டி, சாளை மீன் குழம்பு. வாங்கிக்கொள்ளவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"மாமா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கமிட்டி கேக்கும். ரெண்டு பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கேன். பள்ளிக்கூடம் பாதியில நிக்கி. எங்க போவேன்?"

"அவன் கைய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்."

"ஐயா சொன்னா அவிய எப்படி மாமா சும்மா இருப்பாவ? நாளைக்கு, 'சொன்னேன், கேக்கல'ன்னு ஐயாவும் உங்கள மாதிரியே சொல்லுவாவளே."

மேஜையில் திறந்து கிடந்த பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது மாமா. ஆனா சத்தத்தக் கூட்டுனா ஏழு பெட்டிலயுந்தான கூடும்? மத்த ஆறும் சவுக்கியமா இருக்கு. அத்த பெட்டி மட்டும் ஏன் இப்படிக் கருகிக் கிடக்கு?"

தெரியாத விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். தூக்குச்சட்டியைப் படியிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பூனை தள்ளிவிடும் என்று உள்ளே எடுத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 17, வெள்ளி

கணக்கு என்றால் கணக்குத்தான். எழுதுகிறேன்.

உப்பளத்தில் ஒரு பம்பு, பல பாத்தி. ஒரு பாத்தியில் நிறைந்து அடுத்த பாத்திக்குப் போகிற மாதிரி இரண்டிரண்டாகக் கோத்தால் தண்ணீர் நிதானமாகப் போகும். பம்புக்கும் பாரம் இல்லை. ஆறு பெட்டியை அப்படித்தான் கோத்தேன். ஏழாவதற்கு ஜோடி இல்லை. அதை வாய்க்காலிலிருந்து நேரே மடை வெட்டி இணைத்தேன்.

நேரே இணைத்த பெட்டிக்கு முழு வோல்டேஜ். ஜோடியாக இருப்பவற்றுக்குப் பாதி. வோல்டேஜ் பாதியானால் சக்தி கால் பங்கு. ஆகவே ஏழாவது பெட்டிக்கு மற்ற ஒவ்வொன்றையும்போல நான்கு மடங்கு போகும். ஆம்ப்ளிஃபயருக்கு மொத்த பாரம் மூன்றேகால் ஓமுக்கும் கீழே வந்துவிடும். நான்குக்குக் கீழே போகக் கூடாது என்று அதன் முதுகிலேயே அச்சடித்திருக்கிறது.

குமிழ் ஐந்தில் இருந்தவரை ஒன்பது மாதம் தாங்கியது. எட்டுக்குப் போனதும் ஆம்ப்ளிஃபயர் தவித்துப் பொசுங்கியது. போகிற போக்கில் முழு மின்சாரத்தையும், நேரே இணைத்திருந்த பெட்டியில் கொட்டிவிட்டுப் போனது. ஆறு பெட்டி மட்டும் இருந்திருந்தால் எட்டிலும் தாங்கியிருக்கும். கரகரத்திருக்கும். எரிந்திருக்காது.

தெரியாமல் செய்தேனா? இல்லை. மற்ற வயர் எல்லாம் வெள்ளை. அதற்கு மட்டும் கறுப்பு வயர் போட்டு, தூணின் பின்புறமாக மறைத்துக் கொண்டுபோனேன். தெரியாதவன் மறைக்க மாட்டான்.

சாளைக் குழம்பு நேற்றே கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். கெடவில்லை. சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 18, சனி

பாக்கியநாதன் வீட்டுக்குப் போனேன். ஈஸி சேரில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குத்தம் என்னுது. மனாசே மேல போட்ட தீர்மானத்தக் கிழியும்" என்றேன். ஓம் கணக்கு முழுவதும் சொன்னேன். பேப்பர் ஓரத்தில் படம் போட்டும் காட்டினேன்.

கண்ணாடியைக் கழற்றினார். என் கையைப் பிடித்தார். "அருமைநாயகம், நீரு மொரட்டு ஆளுன்னு நெனச்சிருந்தேன்வே. அந்தப் பய குடும்பத்துக்காக இப்படிப் பழிய ஏத்துக்கிடுதீரே. பெரிய மனசுவே ஒமக்கு."

"பெரிய மனசும் இல்ல, சின்ன மனசும் இல்ல. மூணேகால் ஓம்!"

"சரி, சரி. ஓம்னே வச்சிக்கிடுவோம். காப்பி குடியும்."

குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

என் வாழ்நாளில் இப்படி ஓர் அவமானம் கிடையாது. பிரசங்கத்தின் நடுவில் ஐயர் நிறுத்தினார். என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "அன்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம். நம் நடுவிலேயே ஒரு மூத்தவர், தன் மனைவியின் நினைவுப் பெட்டியையே இழந்தவர், அதை அழித்தவனுடைய பழியைத் தன் தோளில் சுமக்க முன்வந்திருக்கிறார்."

சபையே திரும்பிப் பார்த்தது. இரண்டு கிழவிகள் கண்ணைத் துடைத்தார்கள். நான் எழுந்து, "பொய்!" என்றேன். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை கேட்டிருக்கும். ஐயர் சிரித்துக்கொண்டே, "பாருங்கள், புகழ்ச்சியைக்கூட ஏற்க மாட்டார்" என்றார்.

வெளியே வந்ததும் ஐயரை மறித்தேன். நான் சொன்னதை நம்பினால் தீர்மானத்தைக் கிழிக்க வேண்டும். நம்பாவிட்டால் என்னைப் பொய்யன் என்று சொல்ல வேண்டும். இரண்டும் இல்லாமல் புகழ்ந்தால் என்ன அர்த்தம்?

"உங்க மனசு புரியுது ஐயா. ஆனா குமிழத் திருப்பினது அவருதானே. ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கில்ல."

மனாசே மணிக்கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றான். அவனிடம் போனேன். "நாந்தான்லே காரணம். சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கானுவ."

அவன் கயிற்றை விடவில்லை. "போன வாரம் ரெண்டு வாக்கியத்துல நம்புனாவள்ளா அண்ணாச்சி" என்றான்.

ஆகஸ்ட் 20, திங்கள்

நிரூபித்துக் காட்டுவேன். கையை வைத்துச் சுட்டுக்கொண்டால்தான் நெருப்பு என்று நம்புவார்கள் என்றால், சுட்டுக்கொள்ளட்டும். ஐயரிடம் எழுத்துமூலம் கொடுத்தேன். சனிக்கிழமை பகல் இரண்டு மணி. கமிட்டி முழுவதும் வர வேண்டும். வராதவர்கள் ஓமைப் பற்றி ஆயுள் முழுக்கப் பேசக் கூடாது.

தூத்துக்குடிக்கு பஸ். ஆம்ப்ளிஃபயருக்கு டிரான்சிஸ்டர்கள், பெட்டிக்குப் புது ஸ்பீக்கர்கள். ஒரிஜினலா என்று மூன்று கடையில் சண்டை போட்டு வாங்கினேன்.

ஆகஸ்ட் 22, புதன்

ஆம்ப்ளிஃபயர் பேசுகிறது. பெட்டிக்கு ஸ்பீக்கர் மாட்டியாயிற்று. கை முன்னைப்போல் இல்லை. ஈயம் இரண்டு இடத்தில் சொட்டியது.

ஜெபக்கனி பாடகர் குழுவில் நாற்பது வருடம் நின்றாள். ஒருவராவது அவள் குரலைக் கேட்டதாகச் சொன்னது உண்டா? அசனத்துக்கு எத்தனை மரக்கால் அரிசி என்று நினைவு வைத்திருப்பார்கள். இதை வைத்திருக்க மாட்டார்கள்.

94-இல் முதல் மைக் வந்தது. நான்தான் அதைக் குழுவுக்கு முன்னால் வைத்தேன். ஒத்திகையில் அவள் குரல் நடுங்கியது. மைக் நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். "ரெண்டடி பின்னால நில்லு" என்றேன். சரியான யோசனை. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். என் மனைவி என்பதற்காக வேறு மாதிரிச் சொல்ல முடியாது.

இருபத்து மூன்று வருடம் இரண்டடி பின்னாலேயே நின்றாள். முன்னால் வா என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கிளாடிஸ் டீச்சர் பாட்டுத் தலைவி என்று பேர், அவளாவது சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 25, சனி

எல்லோரும் வந்தார்கள். வேடிக்கை பார்க்க வேறு பாதி ஊர். மனாசே பின்கதவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ரூபி பக்கத்தில்.

முதலில் ஆறு பெட்டி. குமிழ் எட்டு. போனிலிருந்து ஆர்கன் இசை, அரை மணி நேரம். கரகரப்புதான். பிறகு பாக்கியநாதனைக் கூப்பிட்டேன். "ஆம்ப்ளிஃபயர் முதுகுல கைய வையும். பரமண்டல ஜெபம் சொல்லும். முடியிற வரைக்கும் எடுக்கப்படாது."

சொன்னார். வேர்த்தது, முகம் கோணியது, ஆனாலும் ஆமென் வரை போய்விட்டார். "சூடுதான்வே, தாங்கலாம்."

ஆற விட்டேன். ஒரு மணி நேரம். ரூபி எல்லோருக்கும் கடுங்காப்பி கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள்.

பிறகு கறுப்பு வயரை எல்லோர் முன்னும் இழுத்துக்கொண்டு வந்து, பழைய தூணிலேயே மாட்டியிருந்த ஏழாவது பெட்டியை இணைத்தேன். அதே குமிழ், அதே எட்டு, அதே இசை. அரை மணி ஓடுமா என்று எனக்கே சந்தேகம். இருபதாவது நிமிடம் வாடை வரத் தொடங்கியது. "இப்ப வையும்."

பாக்கியநாதன் வைத்தார். ஜெபத்தின் நடுவில் ஆகாரம் கேட்கிற இடம்கூட வரவில்லை. "எம்மோ!" என்று கையை உதறிக்கொண்டு ஒரு குதி குதித்தார்.

"சார், ஜெபத்தப் பாதியில விடக்கூடாது" என்றார் ஐயர்.

"நீங்க வந்து முடிங்க ஐயா!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சுவிட்சை அணைக்கப் போனேன். "இருங்க" என்று ஐயர் தடுத்தார். ஆலயத்தின் நடுவில் போய் நின்றார். ஆண்கள் பக்கம் நடந்தார், பெண்கள் பக்கம் நடந்தார். திரும்பி வந்தார். "ஆறு ஓடும்போது சத்தம் எல்லாப் பக்கமும் ஒண்ணு போல இருந்துச்சு. இப்ப அந்தத் தூண்லருந்துதான் எல்லாம் வருது. மத்த பெட்டி ஓடுறதே தெரியல."

"நாலு மடங்கு" என்று சொல்லிச் சுவிட்சை அணைத்தேன். "போன சனிக்கிழமையே சார்கிட்ட படம் போட்டுக் காட்டினேன்."

அப்போதுதான் பாக்கியநாதனுக்குப் புரிந்தது. ஆம்ப்ளிஃபயர் எரிந்தது அல்ல. வேறொன்று. "ஓய், அப்ப எங்கப்பா பெட்டிக்குக் கால்வாசிதானாவே? ஒன்பது மாசமா?"

தவசிமுத்து மகன் எழுந்தான். "எங்க அப்பாவுக்கும் கால்வாசியா?"

நான் பழியைச் சுமக்கிறேன் என்று போன வாரம் அழுத கிழவிகள் இரண்டு பேரும்கூடக் கத்தினார்கள். அவர்கள் புருஷன்மார் பெட்டிகளும் அங்கே இருக்கின்றன. ஒரு வழியாக நான் குற்றவாளி என்று சபை நம்பியது.

ஐயர் எல்லோரையும் அமர்த்தினார். "ஏன் ஐயா இப்படி இணைச்சீங்க?"

காரணம் கேட்பது கமிட்டியின் வேலை அல்ல, தீர்மானத்தைக் கிழிப்பதுதான் கமிட்டியின் வேலை என்றேன். நாளைவரை காத்திருக்க வேண்டாம், இப்போதே, என் கண் முன்னால் என்றேன். கிழித்தார்கள். ஐயர் தாமாகவே மனாசேயிடம், "நான் கையைக் காட்டினேன். அன்னைக்கே அழுத்திச் சொல்லியிருக்கணும்" என்றார். அது ஒன்றுதான் இந்த ஐயர் வந்த பிறகு செய்த உருப்படியான காரியம்.

ஆம்ப்ளிஃபயர் அலமாரிச் சாவியை அவர்கள் கேட்பதற்கு முன் நானே மேஜையில் வைத்தேன். வைத்தேன் என்றுதான் எழுத வேண்டும். எறியவில்லை. கொஞ்சம் சத்தமாக விழுந்தது.

சாவியை மனாசேயிடம் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

முதல் தடவையாக பெஞ்சில் உட்கார்ந்தேன். எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. எல்லா இடத்திலும் யாரோ ஒருவர் வழக்கமாக உட்காருகிறார்.

மனாசே ஆறு பெட்டி வைத்து, குமிழை நாலில் நிறுத்தினான். மைக்கை ஐயர் வாய்க்கு மிக அருகில் வைத்திருந்தான். தவறு. எல்லாம் தெளிவாகக் கேட்டது. அது வேறு விஷயம்.

ஆராதனை முடிந்து அவனிடம் போனேன். எட்டாவதாக ஒரு பெட்டி இருந்தால் ஏழாவதோடு ஜோடி சேர்த்துவிடலாம், நான்கு ஜோடி, சரியாக நான்கு ஓம், எல்லோருக்கும் சமம். உன் அம்மா நினைவாக நானே ஒன்று செய்து தருகிறேன் என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. எங்கம்ம சத்தமாப் பேசுதவ இல்ல."

"பெட்டியச் சும்மா போடக் கூடாதுலே."

"ஆறு போதும். நீங்கதான காட்டுனிய." வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னான். "நீங்க வந்து சொன்னது சரிதான். ஆனா மொதல்ல எம்மேல சொன்னிய பாருங்க, அதையும் நான் மறக்க மாட்டேன். ரெண்டும் இருக்கு."

மறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 29, புதன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. பஞ்சாயத்துக்கு மனு.

செப்டம்பர் 1, சனி

ஏழாவது பெட்டி இன்னும் தூணில் தொங்குகிறது, வயர் இல்லாமல். இறக்கிக்கொண்டு போகச் சொல்லி மனாசே ஆள் அனுப்பினான். நான்கு மணிக்குப் போனேன். ஏணியில் அவன் ஏறினான். என்னை ஏற விடவில்லை. ரூபி பீடத்தில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைப் பூ வைக்கிற வேலை முன்பு ஜெபக்கனியுடையது.

மேலிருந்தபடியே சொன்னான். "அக்கா சனிக்கிழமை பூ வைக்க வந்தா, பூவ வச்சிட்டு இந்தத் தூணுல சாஞ்சிக்கிட்டுத்தான் பாடுவாவ."

"யாரு?"

"ஜெபக்கனி அக்கா. நான் பெஞ்சு தொடச்சிக்கிட்டு இருப்பேன். ஆள் இல்லாத கோயிலு, மைக்கும் கெடையாது. மணிக்கூண்டு வரைக்கும் கேக்கும். நடுக்கமா? ஒரு நடுக்கமும் இருக்காது."

"என்ன பாட்டு?"

ரூபி சிரிப்பை அடக்கினாள். மனாசே ஆணியைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தான்.

"கேக்கேன்லா. என்ன பாட்டு?"

"ராகம் கோயில் ராகந்தான் அண்ணாச்சி. வார்த்தை அவிய சொந்தமாப் போட்டது. உங்களப் பத்தி."

"என்னப் பத்தியா? இத்தன வருசமா ஏன்லே எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேட்டியளா?"

பெட்டியை இறக்கிக் கீழே வைத்தான். பாடு என்றேன். மாட்டேன் என்றான். பாடாமல் ஏணியை எடுக்க விட மாட்டேன் என்றேன். மனைவியைப் பார்த்தான். அவள், "பாடுங்களேன், மாமா கேக்காவள்ளா" என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் பாடினான்.

ஊருக்கெல்லாம் சத்தம் வச்சான் என் ராசா – நான்
ஒத்த வார்த்த சொன்னாக் கேப்பானா லேசா

அபாண்டம். அவள் சொன்னதை நான் கேட்காமல் இருந்ததே கிடையாது. அப்படியே இருந்தாலும், கோயிலில் நின்று பாடுகிற விஷயமா இது? அதுவும் கோயில்பிள்ளை கேட்க?

அதோடு இவன் பாடியதும் சரியில்லை. இரண்டாவது வரியில் சுருதி இறங்கிவிட்டது. அவள் இறக்கியிருக்க மாட்டாள். அதைச் சொன்னேன். மறுபடி பாடினான். இப்போது முதல் வரியை அவசரப்படுத்தினான். அதையும் சொன்னேன். மறுபடி பாடினான். ரூபி பூ வைப்பதை நிறுத்திவிட்டு அவனோடு சேர்ந்து பாடினாள். அவளும் தப்பு. பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, இன்னொரு தடவை என்றேன்.